மோதியவர் போய்விட்டார், நின்றவரை ஏன் துருவுகிறீர்கள்?

ஐதராபாத்திலுள்ள காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும், பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் மோட்டார் க்ளெய்ம் பிரிவை நடத்துபவர்களுக்கும், அந்த நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சிலுக்கும்,

வணக்கம்.

‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி’ என்று தொடங்கும் செய்தி இல்லாமல் தமிழ் நாளிதழ் எதுவும் வருவதில்லை. அதற்குப் பிறகு நடப்பது செய்தியில் வராது, உங்கள் அலுவலகக் கோப்புகளில்தான் வரும். உங்கள் க்ளெய்ம் படிவம், கால் சென்டர் கேள்விகள், சர்வே அறிக்கையின் கட்டங்கள் எல்லாமே இரண்டு வண்டி, இரண்டு ஓட்டுநர், ஒரு காவல் நிலையம் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. மோதியவர் ஓடிவிட்டால் பாதிக் கட்டங்கள் காலியாகிவிடுகின்றன. அந்தக் காலியிடத்தை நிரப்பும் வேலை முழுவதும் ஓடாமல் நின்றவர் தலையில் விழுகிறது. நிரப்ப முடியாதபோது சந்தேகமும் அவர்மேலேயே திரும்புகிறது. சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் சர்வேயர்கள், விபத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள், பணிமனைகளில் க்ளெய்ம் கோப்பைக் கையாள்பவர்கள் என நாங்கள் சிலர் சேர்ந்து, தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இதை எழுதுகிறோம்.

எளிய கேஸிலிருந்து தொடங்குவோம். தெருவில் நிறுத்திய கார். காலையில் பார்த்தால் பின்கதவு உள்வாங்கியிருக்கிறது, பம்பர் கிளிப் விட்டுத் தொங்குகிறது. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் சொந்தச் சேதத்துக்கு ஒரு பைசா கிடையாது, பேச்சு அங்கேயே முடிந்தது. மக்கள் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று சொல்லும் பேக்கேஜ் பாலிசி இருந்தால் ஓன் டேமேஜ் எனும் சொந்தச் சேதப் பிரிவில் க்ளெய்ம் உண்டு. சேதம் வெளியிலிருந்து தற்செயலாக வந்ததா என்பதுதான் அந்தப் பிரிவின் கேள்வி. இடித்தது யார் என்பது பணம் கொடுக்கத் தேவைப்படாத விவரம்.

ஆனால் படிவம் என்ன கேட்கிறது? ‘விபத்தின்போது ஓட்டியவர் பெயர்’, ‘ஓட்டுநர் உரிம எண்’, ‘வேகம்’, ‘எதிர் வாகனத்தின் பதிவு எண்’. நின்றிருந்த காரை யார் ஓட்டினார்கள்? பல செயலிகளில் இந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. “யார் பேராவது போடுங்க சார், அப்பதான் போகும்” என்று உதவி எண்ணில் பேசுபவரே சொல்லிக்கொடுக்கிறார். உரிமையாளர் தன் பெயரையோ மகன் பெயரையோ போடுகிறார். பிறகு கோப்பு மேலே போனதும் கேள்வி வருகிறது: நிறுத்தியிருந்ததாகச் சொன்னீர்கள், ஓட்டியவர் என்று ஒரு பெயர் இருக்கிறதே? தவறான தகவல் என்று நோட்டீஸ். அந்த மகனிடம் எல்.எல்.ஆர். மட்டுமே இருந்தால், தகுந்த உரிமம் இல்லாதவர் ஓட்டினார் என்று க்ளெய்மே மறுக்கப்படுகிறது. பொய் சொன்னவர் கார்க்காரர் இல்லை, அவரைப் பொய் சொல்ல வைத்தது அந்தக் கட்டம்.

‘வாகனம் நின்றிருந்தது, ஓட்டுநர் யாரும் இல்லை’ என்று படிவத்தில் ஒரு தேர்வைச் சேர்க்கச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். அது வரும்வரை நாங்கள் கார்க்காரர்களுக்குச் சொல்வது இதுதான்: விவரப் பகுதியில் கடைசியாக காரை நிறுத்தியவர் யார், எத்தனை மணிக்கு நிறுத்தினார், சேதம் எப்போது கண்ணில் பட்டது என்ற மூன்றையும் எழுதுங்கள். ஓட்டுநர் கட்டத்தில் ‘பார்க்கிங்’ என்றே போடுங்கள். செயலி விடாவிட்டால் அந்தத் திரையைப் படமெடுத்து, க்ளெய்ம் எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பின்னாளில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனால் அந்த மின்னஞ்சல்தான் நிற்கும்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். ஆளுக்குக் காயமோ உயிர்ச்சேதமோ இருந்தால், அல்லது வண்டி திருடுபோனால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் வேண்டும், அதில் எங்களுக்கு மறுபேச்சில்லை. பம்பரும் கதவும் மட்டும் அடிபட்ட கேஸிலும் உங்கள் கிளைகள் எஃப்.ஐ.ஆர். கேட்கின்றன. காவல் நிலையத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. எதிரி யாரென்றே தெரியாத, ஆளுக்குச் சேதமில்லாத புகாருக்கு அங்கே புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் கிடைக்கும். அதைக் கொண்டுவந்தால் ‘இது போதாது’ என்று திருப்பி அனுப்புகிறீர்கள். நிலையத்தில் ‘இன்சூரன்ஸ்காரன் கேக்கறான்னு கேஸ் போட முடியுமா?’ என்கிறார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் கார் பணிமனையில் நிற்கிறது, வெளியே மழை பெய்தால் திறந்த கதவு வழியாகத் தண்ணீர் இறங்கி அடுத்த சேதத்தையும் சேர்த்து வைக்கிறது. ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் க்ளெய்மை மறுக்கக்கூடாது என்று 2024 ஜூனில் ஆணையம் வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலர் சொல்கிறது. அந்த வரியை எல்லோருக்கும் புரியும்படி ஒரு படி இறக்கி எழுதுங்கள்: சேதம் மட்டும் உள்ள ஹிட் அண்ட் ரன் (மோதியவர் ஓடிவிட்ட) க்ளெய்முக்கு சி.எஸ்.ஆர். போதும், அதுவும் கிடைக்காத இடத்தில் காவல் துறை இணையதளத்தில் பதிந்த புகாரின் நகல் போதும்.

தாமதம் பற்றியும் ஒரு வார்த்தை. ‘உடனடியாக’ தெரிவிக்க வேண்டும் என்று பாலிசி சொல்வதை 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று நிறுவனங்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. வெளியூர் போனவர் நான்கு நாள் கழித்து வந்து காரைப் பார்த்தால் எதிலிருந்து எண்ணுவது? தாமதத்தை மட்டும் காரணம் காட்டி இயந்திரம் போல மறுக்காதீர்கள் என்று ஆணையமே 2011 செப்டம்பர் 20-இல் சுற்றறிக்கை விட்டது. உச்ச நீதிமன்றமும் 2017-இல் ஓம் பிரகாஷ் வழக்கில் வாகனத் திருட்டை வைத்து இதையே சொன்னது. இத்தனைக்குப் பிறகும் மறுப்புக் கடிதங்களின் முதல் வரி தாமதம்தான்.

இனி, எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிட வேண்டும். ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று வரும் க்ளெய்ம்களில் ஒரு பகுதி உண்மையில் வீட்டு கேட்டிலும் அடுக்குமாடி பேஸ்மென்ட் தூணிலும் உரசியவை. சர்வேயர் கண்ணுக்கு இது மறைவதில்லை. தூணில் உரசினால் கீறல் ஒரே உயரத்தில் கிடைமட்டமாக ஓடும், ஓரத்தில் சிமென்ட் தூளோ சுண்ணாம்போ ஒட்டியிருக்கும், பெயிண்ட் மெல்ல மெல்லத் தேய்ந்து ஆழமாகும். பக்கத்தில் உரசிப்போன லாரியின் டயர் நட்டுகள் கதவுத் தகட்டில் அரைவட்டம் அரைவட்டமாகக் கோடு போடும். பைக் ஹேண்டில் முனை என்றால் ஒரே மெல்லிய கோடு, சைடு மிரருக்குச் சற்றுக் கீழே. இன்னொரு காரின் பம்பர் என்றால் அதன் பெயிண்ட் நம் பெயிண்ட் மேல் படிந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் மேல்படை மட்டும் தனியாக வரும்.

வேடிக்கை என்னவென்றால் இந்தப் பொய்க்கு அவசியமே இல்லை. தானே தூணில் உரசினாலும் அது ஓன் டேமேஜ் க்ளெய்ம்தான், பணமும் அதே கணக்கில்தான் வரும், க்ளெய்ம் வாங்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடியான என்.சி.பி.யும் அதே மாதிரிதான் போகும். ‘தூண்ல இடிச்சேன்னு சொன்னா தர மாட்டாங்க, யாரோ இடிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு எழுதுங்க’ என்று சொல்லிக்கொடுப்பவர்கள் சில ஏஜெண்டுகளும் சில பணிமனை ஆட்களும். கீறலும் கதையும் பொருந்தாமல் போனதும், கொடுத்திருக்க வேண்டிய பணம் நின்றுபோகிறது. உண்மையாகவே ஓடிய வண்டியால் அடிபட்டவர்களையும் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் இங்கிருந்துதான் வளர்ந்தது. ‘உங்கள் தவறாக இருந்தாலும் இந்த க்ளெய்ம் உண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்’ என்று படிவத்தின் தலையில் ஒரு வரி அச்சடித்தால் இந்தப் பொய்யில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

இன்னொரு தகராறு, பல இடத்துச் சேதம். முன் பம்பரில் ஒரு கீறல், பின் கதவில் ஒரு பள்ளம் இருந்தால் ஒரே மோதலில் இரண்டும் வந்திருக்காது. அதைத் தனித்தனி நிகழ்வாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் கட்டாயக் கழிவு, அதாவது கார்க்காரரே ஏற்க வேண்டிய தொகை, பிடிப்பது விதிப்படி சரியே. 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஆனால் பின்னாலிருந்து இடிபட்டு முன்னால் நின்ற வண்டிமேல் தள்ளப்பட்ட காரை இரண்டு விபத்தாகப் பிரிக்கும் அறிக்கைகளையும் பார்க்கிறோம். தொடர் மோதல் ஒரே நிகழ்வு. சர்வேயர் நியமனத்துக்கு 24 மணி நேரம், அறிக்கைக்கு 15 நாள், அறிக்கை வந்தபின் முடிவு சொல்ல 7 நாள் என்று கெடு வைத்திருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு இல்லாத கேஸில் மட்டும் ‘விசாரணையில் உள்ளது’ என்ற ஒரே வாசகம் அந்தக் கெடுவை விழுங்கிவிடுகிறது. விசாரணையாளரை நியமித்தால் அதற்கும் ஒரு கடைசித் தேதியை எழுத்தில் கொடுங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம், வலி இங்கேதான். ஐந்தாம் ஆண்டில் ஓடும் ஒரு கார், என்.சி.பி. 45 சதவீதத்தில் இருக்கிறது, கூடுதல் கவர் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பணிமனை பில் 36,000 ரூபாய்: பம்பர் 8,000, கதவு 12,000, பெயிண்டிங் 10,000, டிங்கரிங் கூலி 6,000. பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம், ஆகவே பம்பருக்கு 4,000. நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் காரின் தகட்டுக்கு 35 சதவீதம் கழிவு, கதவுக்கு 7,800. பெயிண்டிங் மொத்த பில்லில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழித்தால் 8,750. கூலிக்குக் கழிவில்லை. ஆக 26,550, அதில் கட்டாயக் கழிவு 1,000 போக 25,550. கார்க்காரர் கையிலிருந்து 10,450.

இதோடு முடிவதில்லை. அவருடைய ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 10,000 ரூபாய் என்றால், க்ளெய்ம் வாங்காவிட்டால் அடுத்த ஆண்டு 50 சதவீதத் தள்ளுபடியில் 5,000 கட்டுவார், அதன் பிறகும் அதே 5,000. க்ளெய்ம் வாங்கியதும் தள்ளுபடி பூச்சியத்துக்கு இறங்கி 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். அந்த ஐந்து ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டுவது 5,000, 3,000, 2,500, 1,500, 500. மொத்தம் 12,500, ஜி.எஸ்.டி. தனி. யாரோ இடித்துவிட்டுப் போனதற்கு 36,000 ரூபாய் வேலையில் 22,950 இவர் தலையில். பம்பரும் பெயிண்டும் மட்டும் என்றால் இன்னும் கேலிக்கூத்து: பம்பர் 8,000, பெயிண்டிங் 4,000, மாட்டுக்கூலி 1,500 என்று 13,500 பில்லுக்குக் கிடைப்பது 8,000, இழப்பது 12,500. அந்த க்ளெய்மைப் போடாமலிருப்பதே லாபம். இதை எந்த ஏஜெண்டும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. ‘பம்பர் டு பம்பர்’ கவர் இருந்தால் தேய்மானப் பிடித்தம் போய்விடும், பல பாலிசிகளில் ஆண்டுக்கு இரண்டு முறைதான். என்.சி.பி. பாதுகாப்பு கவர் தனி விலை. இரண்டும் இல்லாத சாதாரண பாலிசிக்காரர்தான் பெரும்பான்மை.

என்.சி.பி. என்பது க்ளெய்ம் இல்லாததற்கான சலுகை, தவறு இல்லாததற்கானது இல்லை என்ற உங்கள் விளக்கம் எங்களுக்கு மனப்பாடம். விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஓன் டேமேஜ் பிரீமியம் 2007 ஜனவரியிலிருந்தே டாரிஃப் என்ற நிர்ணயக் கட்டணக் கட்டுப்பாட்டில் இல்லை. விலையை உங்கள் விருப்பப்படி வைக்கிறீர்கள், வண்டி எண்ணுக்கும் ஊருக்கும் ஏற்ப மாற்றுகிறீர்கள், பழைய தேய்மானப் பட்டியலையும் என்.சி.பி. படிக்கட்டையும் மட்டும் வேதம் போல வைத்திருக்கிறீர்கள். அந்தப் பழைய வாசகங்களில் இன்னும் இருக்கும் ஒன்றைச் சொன்னால் சிரிப்புதான் வரும்: சர்வேக்குக் காத்திருக்காமல் கார்க்காரர் தானே ரிப்பேர் செய்துகொள்ள அனுமதிக்கப்பட்ட வரம்பு 500 ரூபாய். கார் இழுவைக் கட்டணத்துக்கு 1,500. இன்று 500 ரூபாய்க்கு ஒரு சைடு மிரர் கண்ணாடிகூட வராது.

நாங்கள் கேட்பது என்.சி.பி.யை எல்லோருக்கும் காப்பாற்றிக் கொடுங்கள் என்றல்ல. வேறொரு வண்டி இடித்ததற்கு சிசிடிவி பதிவோ, டேஷ்கேம் பதிவோ, சர்வேயர் குறித்த பெயிண்ட் படிவோ இருந்து, காவல் நிலையத்தில் புகாரும் இருந்தால், அந்த க்ளெய்முக்கு என்.சி.பி.யை ஒரு முறை தொடாதீர்கள். மோதிய வண்டி பிறகு கண்டுபிடிக்கப்பட்டால் உங்களுக்கு நட்டமும் இல்லை. தேர்டு பார்ட்டி பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை கவர் இருக்கிறது, கொடுத்த பணத்தை அந்த வண்டியின் நிறுவனத்திடம் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சின்னத் தொகைக்கு யார் அலைவது என்று நீங்கள் விட்டுவிடுவது உங்கள் வசதி. அந்த வசதிக்கான விலையைப் பாலிசிதாரர் என்.சி.பி.யில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கண்டுபிடிப்பதைப் பற்றிப் பேசும்போது நேரம்தான் எல்லாம். கடைகளின் சிசிடிவி பதிவு, வன்தட்டின் அளவைப் பொறுத்து ஒரு வாரத்திலோ ஒரு மாதத்துக்குள்ளோ தானாக அழிந்து மேலே புதியது ஏறிவிடும். உங்கள் விசாரணையாளர் மூன்றாம் வாரம் வந்து ‘ஃபுட்டேஜ் இருக்கா?’ என்று கேட்பார். கார்க்காரர் தனியாகப் போய்க் கேட்டால் கடைக்காரர் ‘போலீஸ் லெட்டர் கொண்டு வாங்க’ என்பார். க்ளெய்ம் பதிவான அன்றே, பதிவை அழிக்காமல் வைத்திருக்கக் கோரும் ஒரு பக்கக் கடிதத்தை நிறுவனத்தின் பெயரில் கார்க்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால் போதும். பதிவை எடுக்கும்போது, அதை மின்னணுச் சாட்சியாக ஏற்கத் தேவையான, பாரதிய சாட்சிய சட்டம் 63(4)-இன் கீழான சான்றிதழையும் அங்கேயே வாங்கிவிட வேண்டும். பிறகு அலைந்தால் கடையே இருக்காது.

இடத்தில் கிடக்கும் உடைசலும் சாட்சி. ஹெட்லேம்ப் உடைந்தால் அதன் பிளாஸ்டிக் துண்டின் உட்புறத்தில் தயாரிப்பாளர் குறியும் பாக எண்ணும், இடதா வலதா என்ற எழுத்தும் வார்ப்பிலேயே பதிந்திருக்கும். அந்தத் துண்டை உதிரிபாகக் கடைக் கவுன்ட்டரில் வைத்தால் எந்த மாடல், எந்த ஆண்டுத் தொகுதி என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். நடைமுறையில் அது காலையில் துப்புரவு வண்டியில் போய்விடுகிறது, காரை வாட்டர் வாஷ் செய்துவிட்டுத்தான் சர்வேக்குக் கொண்டுவருகிறார்கள். ஒட்டியிருந்த பெயிண்ட் துகளும் தண்ணீரோடு போய்விடுகிறது. ‘சர்வே முடியும்வரை கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், உடைசலைக் காகித உறையில் போட்டு வையுங்கள், ஆளுக்குக் காயம் பட்டிருந்தால் தொடாமல் படமெடுத்துக் காவலர்களுக்குக் காட்டுங்கள்’ என்று க்ளெய்ம் எண்ணோடு வரும் குறுஞ்செய்தியிலேயே சொல்லலாம். இப்போது அந்தக் குறுஞ்செய்தியில் நெட்வொர்க் கராஜ் விளம்பரம் வருகிறது.

இதுவரை சொன்னது தகடும் பெயிண்டும். ஆள் போனால் கணக்கு வேறு.

காரை ஓட்டிய உரிமையாளரே இறந்திருந்தால், பலருக்கும் நினைவுக்கு வராத ஒரு தொகை பாலிசிக்குள்ளேயே இருக்கிறது: உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் கவர், 15 லட்சம் ரூபாய். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பைத் தொடர்ந்து 2018-இல் ஆணையம் உயர்த்திய தொகை அது. தவறு யாருடையது, மோதிய வண்டி கிடைத்ததா என்ற கேள்வியே இதற்கில்லை. ஒரு கையோ காலோ ஒரு கண்ணோ போனால் பாதித் தொகை, நிரந்தர முழு ஊனத்துக்கு முழுத் தொகை. சிக்குவது மூன்று இடத்தில். ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டியவர்கள் இங்கே விழுகிறார்கள். ஓட்டுநர் உரிமம் உயிரோடு இருக்க வேண்டும். புதுப்பிக்கும்போது ‘வேறு விபத்துக் கவர் இருக்கிறது’ என்ற கட்டத்தில், சில நூறு ரூபாய் மிச்சம் என்று இல்லாத கவரை இருப்பதாக டிக் செய்திருக்கக்கூடாது. அந்த டிக்கை இணையதளங்கள் தாமாகவே போட்டு வைத்து விலையைக் குறைத்துக் காட்டுவதை ஆணையம் தடுக்க வேண்டும். ஓன் டேமேஜ் க்ளெய்ம் கோப்பில் ‘உரிமையாளர் இறந்தார்’ என்று வந்ததுமே 15 லட்சக் கோப்பை நிறுவனமே திறக்க வேண்டும். குடும்பம் கேட்கும்வரை காத்திருப்பது அழகில்லை.

காரில் பயணித்தவர்களுக்கு வழி வேறு. ஓடிய வண்டியின் தவறோடு தங்கள் காரை ஓட்டியவர் தவறும் கொஞ்சம் சேர்ந்திருந்தால், முழு இழப்பீட்டையும் தாங்கள் வந்த காரின் நிறுவனத்திடமே விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம் என்பது 2015-இல் உச்ச நீதிமன்றம் கென்யேய் வழக்கில் சொன்னது. ஓடிய வண்டி கிடைக்கவில்லை என்பதற்காக அந்த மனுவைத் தள்ளச்சொல்லி எதிர்வாதம் போடுவதை நிறுத்துங்கள்.

எந்தப் பாலிசியும் கைகொடுக்காத இடத்தில் நிற்பது, மோதிய வண்டி தெரியாத விபத்துக்கு இழப்பீடு தரும் மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆம் பிரிவு. நடந்துபோனவர், சைக்கிளில் போனவர், பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவர் என்று பலருக்கும் அதுதான் கடைசிக் கதவு. முன்பு உயிரிழப்புக்கு 25,000, கொடுங்காயத்துக்கு 12,500 என்றிருந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 லட்சமும் 50,000-மும். 2022 ஏப்ரல் 1 முதல் புதிய திட்டம் நடப்பில் இருக்கிறது. படிவம் 1-ஐயும், பிறகு வேறு இழப்பீடு கிடைத்தால் திருப்பித் தருவதாக எழுதும் படிவம் 4-ஐயும், எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, வங்கிப் புத்தகம், அடையாளச் சான்றுகள், கேஷ்லெஸ் சிகிச்சைக்கு மருத்துவமனை அனுப்பிய பில் நகலோடு, வருவாய்க் கோட்டத்தில் விசாரணை அலுவலராக இருக்கும் கோட்டாட்சியரிடமோ வட்டாட்சியரிடமோ கொடுக்க வேண்டும். அவர் ஒரு மாதத்தில் ஆட்சியருக்கு அறிக்கை, ஆட்சியர் 15 நாளில் உத்தரவு, ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சில் 15 நாளில் வங்கிக் கணக்கில் பணம். தாளில் இரண்டே மாதம்.

நாட்டில் 2022-இல் பதிவான ஹிட் அண்ட் ரன் விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் இந்தத் திட்டத்துக்கு வந்த விண்ணப்பங்கள் 205, அதில் தீர்க்கப்பட்டவை 95. இந்த எண்களை வைத்துத்தான், கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரி 12-இல் உத்தரவு போட்டது. ஒரு மாதத்தில் வண்டி அடையாளம் தெரியாவிட்டால், இந்தத் திட்டத்தில் இழப்பீடு கேட்கலாம் என்று காயம்பட்டவருக்கோ வாரிசுக்கோ காவல் நிலைய அதிகாரி எழுத்தில் சொல்ல வேண்டும். விசாரணை அலுவலரின் தொடர்பு விவரத்தையும் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தேடிப்போக வேண்டும். மாவட்டக் கண்காணிப்புக் குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும்.

நிலைய அதிகாரியின் அந்தக் கடிதத்தோடு வரும் குடும்பங்கள் எங்கள் மேசைக்கு அபூர்வம். வருபவர்களின் கோப்பு விழும் இடம் இன்னும் முன்னால் இருக்கிறது: மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. அடிபட்டவரைத் தூக்கிவந்தவர் பதற்றத்தில் ‘வண்டியில இருந்து விழுந்துட்டார்’ என்கிறார். பணி மருத்துவர் அதையே அந்தப் பதிவேட்டில் எழுதுகிறார். அதைப் பார்த்து எஃப்.ஐ.ஆரும் ‘தானே நிலைதடுமாறி விழுந்து’ என்று வந்துவிடுகிறது. அந்த மூன்று சொல் விழுந்ததும் 161-ஆம் பிரிவு மூடிக்கொள்கிறது, தீர்ப்பாயத்தில் நிறுவனத்தின் வக்கீலும் அதையே காட்டுவார். மோதிய வண்டி ஒன்று இருந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். தவறாக எழுதப்பட்டிருந்தால் அடிபட்டவர் பேசும் நிலைக்கு வந்ததும் கூடுதல் வாக்குமூலம் கொடுத்துத் திருத்த வேண்டும். காயச் சான்றிலும் கவனம் தேவை. எலும்பு முறிவு கொடுங்காயம்தான். முறிவு, உறுப்பிழப்பு போன்றவை இல்லாத காயத்துக்கு, 15 நாள் கடும் வலியிலோ வழக்கமான வேலையைச் செய்ய முடியாமலோ இருந்தார் என்பதை மருத்துவர் எழுதினால்தான் கொடுங்காயப் பட்டியலில் வரும். ‘சாதாரணக் காயம்’ என்று ஒரு சொல் போட்டுவிட்டால் 50,000 போய்விடும். சிகிச்சைச் செலவுக்குத் தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டமும், 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த ஏழு நாள், ஒன்றரை லட்ச ரூபாய் கேஷ்லெஸ் திட்டமும் இருக்கின்றன. இவை இழப்பீட்டுக்கு மாற்று இல்லை, இரண்டையும் கேட்கலாம்.

தொகையைப் பற்றி. அடையாளம் தெரிந்த வண்டி மோதினால் தவறை நிரூபிக்காமலே 164-ஆம் பிரிவில் உயிருக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். ஓட்டுநர் நின்றாரா ஓடினாரா என்பதை வைத்துச் செத்தவரின் விலை மாறுவது எந்த நியாயத்திலும் அடங்காது. 161-ஆம் பிரிவிலேயே ‘மத்திய அரசு நிர்ணயிக்கும் உயர்ந்த தொகை’ என்ற வாசகம் இருக்கிறது. சட்டத்தைத் திருத்தாமலே உயர்த்தலாம். தொகையை உயர்த்துவதைப் பரிசீலிக்குமாறு உச்ச நீதிமன்றமும் அதே உத்தரவில் சொல்லியிருக்கிறது. பணத்தை வழங்கும் கவுன்சில்தான் அந்தக் கோரிக்கையை முதலில் அமைச்சகத்திடம் வைக்க வேண்டும்.

கவுன்சிலுக்கு இன்னொன்று. மாவட்ட வாரியாக எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை எந்த மேசையில் நிற்கிறது என்பதை மாதந்தோறும் இணையத்தில் போடுங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கிய விபத்துத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு விபத்தும் ஏறுகிறது. ‘வாகனம் அடையாளம் தெரியவில்லை’ என்று பதிவாகும் ஒவ்வொன்றும் தானாக விசாரணை அலுவலரின் திரைக்குப் போக வழி செய்தால், குடும்பம் தாலுகா ஆபீஸ் படியேறுமுன் கோப்பு அங்கே இருக்கும்.

அதற்குக் காலம் பிடிக்கும் என்றால், செலவில்லாத ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவிலும் ஒட்ட, தமிழில் ஒரு தாள். அதில் 2 லட்சம், 50,000 என்ற தொகைகள், தேவையான ஆவணங்கள், அந்தக் கோட்டத்தின் விசாரணை அலுவலரின் பதவிப் பெயர், அலுவலக முகவரி, தொலைபேசி எண். பின்பக்கத்தில் படிவம் 1. அச்சுச் செலவைக் கவுன்சில் ஏற்கட்டும், எந்தெந்த நிலையத்தில் ஒட்டியாயிற்று என்ற பட்டியலை மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கட்டும்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டில் மோட்டார் க்ளெய்ம் வேலையில் இருக்கும் சர்வேயர்கள், வழக்கறிஞர்கள், பணிமனை ஊழியர்கள் சிலர்